மானியம் கருணையா, உரிமையா? அமெரிக்கப் பள்ளிகள் சொல்லும் பாடம்

2025 ஜூலை 1ஆம் தேதி, அமெரிக்கப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டிய ஏறக்குறைய 680 கோடி டாலர் போய்ச் சேரவில்லை. அந்நாட்டுக் கூட்டரசு அரசாங்கம் அதை நிறுத்தி வைத்தது. இத்தனைக்கும் அது அவர்களின் நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒப்புதல் கொடுத்த பணம். ஆங்கிலம் இன்னும் வசப்படாத பிள்ளைகளுக்கான 89 கோடி டாலரும் அதில் அடக்கம். கேட்டதற்கு, ஆய்வு செய்கிறோம் என்றார்கள்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் நீதிமன்றத்திற்குப் போயின. ஆளும் கட்சியின் செனட்டர்களே பணத்தை விடுவிக்கும்படி கடிதம் எழுதினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் பணத்தை விடுவிப்பதாக அரசாங்கம் அறிவித்தது.

இதில் நமக்கென்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நம் பள்ளிக்கு வரவேண்டிய பணம் வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? மகஜர் கொடுக்கிறோம். பத்திரிகையில் அறிக்கை விடுகிறோம். யாராவது ஒரு துணையமைச்சர் மாதிரிக் காசோலையோடு வந்து படம் எடுத்துக்கொள்ளும் நாளுக்காகக் காத்திருக்கிறோம். அங்கே அவர்கள் சட்டப்பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். அமெரிக்கா பணக்கார நாடு என்பதால் வந்த வேறுபாடல்ல இது. அந்தப் பணம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது, அது வராவிட்டால் யார் மீது வழக்குத் தொடுக்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கு அவர்களிடம் பதில் இருந்தது. பதில் இருந்தால் அது உரிமை. இல்லாவிட்டால் அது கருணை.

அந்தப் பதில்களை அங்குள்ள சிறுபான்மையினருக்கு யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் போராடிப் பெற்றார்கள். சிலவற்றைப் பெற்று இழந்தார்கள். பெற்றதும் பாடம், இழந்ததும் பாடம்.

அரசியலமைப்பில் கல்வி இல்லை

முதலில் ஓர் அடிப்படை. அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. கல்வி மாநிலங்களின் பொறுப்பு. மாநிலங்கள் அதை ஏறக்குறைய 13,000 பள்ளி வட்டாரங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு வாரியம், ஒரு வரவு செலவுத் திட்டம்.

பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி மாநில அரசாங்கத்திடமிருந்தும், அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்தும் வருகிறது. நாம் நகராண்மைக் கழகத்துக்குக் கட்டும் மதிப்பீட்டு வரி போன்றது அது. கூட்டரசின் பங்கு சாதாரண காலங்களில் நூற்றுக்குப் பத்து அல்லது அதற்கும் குறைவு.

இதன் விளைவு என்ன? மாளிகைகள் இருக்கும் ஊரில் சிறிதளவு வரி போட்டாலே பள்ளி செழிக்கும். ஏழைகள் இருக்கும் ஊரில் எவ்வளவு வரி போட்டாலும் பள்ளிக்கூடம் ஒழுகும். எந்த இனம் எந்த ஊரில் வாழலாம் என்பதையே ஒரு காலத்தில் சட்டமும் வங்கிகளும் தீர்மானித்த நாடு அது. அங்கே இந்த முறை யாரைத் தாக்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தீர்ப்பு வந்தது, கதவு திறக்கவில்லை

1954 மே 17ஆம் தேதி வெளியான பிரவுன் தீர்ப்பைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. இனவாரியாகப் பிரித்து வைத்த பள்ளிகள் சமமானவையாக இருக்கவே முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்ன நாள் அது. உலகமே கைதட்டியது. அடுத்த பத்தாண்டுகளில் தென் மாநிலங்களில் என்ன நடந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வெர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுன் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் ஒன்று அங்கிருந்து போனது. 1951ல் கறுப்பின மாணவர்களே வகுப்பைப் புறக்கணித்துத் தொடங்கிய போராட்டம் அது. வழக்கில் வென்ற பிறகு அவர்களுக்கு என்ன கிடைத்தது? 1959ல் அந்த மாவட்டம் தன் பொதுப்பள்ளிகளை எல்லாம் இழுத்துப் பூட்டியது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி எழும்பியது. அதற்குப் பொதுப்பணம் உதவித்தொகை என்ற பெயரில் போனது. கறுப்பினப் பிள்ளைகள் ஐந்து ஆண்டுகள் பொதுப்பள்ளியில்லாமல் இருந்தார்கள். 1964ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்ட பிறகுதான் பூட்டுத் திறந்தது. ஏழு வயதில் பொதுப்பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளை பன்னிரண்டு வயதில் போய் உட்கார்ந்தது.

தென் மாநிலக் கறுப்பினப் பிள்ளைகளில் வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள பள்ளிகளில் படித்தவர்கள் 1964ல் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். பத்தாண்டுகளுக்கு முன்பே வந்த தீர்ப்பின் பலன் அவ்வளவுதான். 1970ல் அதே கணக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆறே ஆண்டுகளில் இந்த மாற்றம் எப்படி வந்தது?

இரண்டு சட்டங்கள் ஒன்றின் கையை ஒன்று பிடித்தன. முதலாவது 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதி. கூட்டரசுப் பணம் வாங்கும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பூர்வீக நாடு காரணமாக யாரையும் ஒதுக்கக்கூடாது, ஒதுக்கினால் பணத்தை நிறுத்தலாம் என்றது அது. ஆனால் அப்போது பள்ளிகளுக்குக் கூட்டரசு கொடுத்த பணம் அற்பம். எதை நிறுத்துவது?

இரண்டாவது சட்டம் 1965 ஏப்ரல் 11ஆம் தேதி வந்தது. தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம். அதில் கையெழுத்திட்ட அதிபர் லிண்டன் ஜான்சன், இளவயதில் டெக்சஸ் மாநிலத்தின் கொட்டுல்லா ஊரில் மெக்சிகோ வம்சாவளி ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள வட்டாரங்களுக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர் அளவில் அந்தச் சட்டம் கொண்டுவந்தது. தென் மாநிலங்களில்தான் ஏழைகள் அதிகம். ஆகவே பணமும் அங்கேதான் அதிகம் போக வேண்டும். பணம் வேண்டுமா? கதவைத் திற. நீதிமன்றங்களும் 1968க்குப் பிறகு கண்டிப்பு காட்டின. தீர்ப்பால் மட்டும் பத்தாண்டில் நடக்காதது, நிபந்தனையோடு வந்த பணத்தால் நடந்தது.

இதில் ஒன்றை மனத்தில் பதியுங்கள். கூட்டரசின் பங்கு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவுதான். அந்தச் சிறு பங்கே சட்டத்தோடு கட்டப்பட்டபோது மீதித் தொண்ணூறையும் அசைத்தது.

ஏழைகளின் பணத்தில் நீச்சல் குளம்

பணம் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை.

1969ல் குடிமை உரிமை அமைப்புகள் இரண்டு சேர்ந்து ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டன. ஏழைப் பிள்ளைகளுக்கென்று கொடுத்த முதல் பகுதிப் பணம் எங்கே போனது என்று அரசாங்கத்தின் சொந்தத் தணிக்கை ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். சில வட்டாரங்களில் நீச்சல் குளத்துக்குப் போயிருந்தது. பல இடங்களில் அதைவிடத் தந்திரமான வேலை நடந்திருந்தது. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கு வட்டாரம் வழக்கமாகக் கொடுக்க வேண்டிய பணத்தைக் குறைத்துவிட்டு, அந்த ஓட்டையைக் கூட்டரசுப் பணத்தால் அடைத்திருந்தார்கள். கணக்கில் உதவி ஏறியிருக்கும். பள்ளியில் ஒன்றும் ஏறியிருக்காது.

அந்த அறிக்கை வெளியான மறு ஆண்டே சட்டம் இறுக்கப்பட்டது. கூட்டரசுப் பணம், ஏற்கெனவே கொடுப்பதற்கு மேல் கொடுப்பதாக இருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கொடுப்பதாக இருக்கக்கூடாது. முதலில் உள்ளூர்ப் பணத்தை எல்லாப் பள்ளிக்கும் ஒப்பிடத்தக்க அளவில் கொடுத்துவிட்டு வா, பிறகு உதவி கேள். இந்த விதி வடிவம் மாறி மாறி இன்றுவரை அவர்களின் சட்டத்தில் இருக்கிறது.

இதைச் செய்தது எதிர்க்கட்சி அல்ல, பத்திரிகை அல்ல. கணக்கு ஏட்டைப் படிக்கத் தெரிந்த சில சமூகப் போராளிகள் செய்தது. ஒதுக்கீடு எவ்வளவு என்று கேட்பதோடு அவர்கள் நிற்கவில்லை. எந்தப் பள்ளிக்கு, எந்த ஆண்டில், எதற்குப் பதிலாக என்று கேட்டார்கள்.

எட்ஜ்வுட் மக்கள் கட்டிய அதிக வரி

டெக்சஸ் மாநிலம், சான் அந்தோனியோ நகரம். 1968 மே மாதம், எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறக்குறைய 400 பேர் வகுப்பை விட்டு வெளியே நடந்தார்கள். உடைந்த சன்னல்கள், தகுதி பெறாத ஆசிரியர்கள். பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள். அவர்களின் பெற்றோர் அந்தக் கோடையிலேயே வழக்குத் தொடுத்தார்கள். முதல் பெயர் டிமெட்ரியோ ரொட்ரிகஸ். தகரப்பட்டறைத் தொழிலாளி, முன்னாள் இராணுவ வீரர்.

வழக்கில் வைக்கப்பட்ட கணக்கைப் பாருங்கள். 1967-68ஆம் ஆண்டில் எட்ஜ்வுட்டில் ஒரு பிள்ளைக்கு எல்லா வழியிலும் சேர்த்துக் கிடைத்தது 356 டாலர். அதே நகரில் வசதியுள்ள அலமோ ஹைட்ஸ் வட்டாரத்தில் 594 டாலர். ஏழைகள் வரி கட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 100 டாலர் சொத்துக்கு எட்ஜ்வுட் மக்கள் கட்டிய வரி 1 டாலர் 5 காசு. அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 காசு. அதிக விகிதத்தில் வரி கட்டிய எட்ஜ்வுட்டுக்கு அந்த வரியிலிருந்து பிள்ளைக்கு 26 டாலர் வந்தது. குறைவாகக் கட்டிய அலமோ ஹைட்ஸுக்கு 333 டாலர் வந்தது.

இதைவிடத் தெளிவான அநீதி வேண்டுமா? ஆனாலும் 1973 மார்ச் 21ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ரொட்ரிகஸ் தோற்றார். ஐந்துக்கு நான்கு. கல்வி முக்கியம்தான், ஆனால் கூட்டரசு அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமைகளில் அது இல்லை என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். எதிர்த்துத் தீர்ப்பெழுதியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். பிரவுன் வழக்கில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக வாதாடிய அதே வழக்கறிஞர். அப்போது அவர் அந்த நீதிமன்றத்திலேயே நீதிபதி.

ஒரே ஒரு வாக்கு. அதனால் அமெரிக்கா முழுவதிலும் பள்ளி நிதிச் சமத்துவம் என்ற கோரிக்கைக்குக் கூட்டரசு நீதிமன்றத்தின் கதவு மூடியது.

எட்ஜ்வுட் மக்கள் அதோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை. டெக்சஸ் மாநிலத்துக்குச் சொந்த அரசியலமைப்பு உண்டு. திறம்பட்ட இலவசப் பொதுப்பள்ளி முறையை ஏற்படுத்தி நடத்துவது மாநிலச் சட்டமன்றத்தின் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது. 1984ல் அதைப் பிடித்துக்கொண்டு மாநில நீதிமன்றம் போனார்கள். 1989ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாக நின்று எட்ஜ்வுட் பக்கம் தீர்ப்பளித்தது. பணக்கார வட்டாரங்களின் வரி வருமானத்தில் ஒரு பகுதியைப் பகிரச் செய்யும் சட்டம் 1993ல் வந்தது. 1995ல் நீதிமன்றம் அதை ஏற்றது. பிள்ளைகள் வெளிநடப்புச் செய்த நாளிலிருந்து எண்ணினால் 27 ஆண்டுகள்.

இங்கே கவனிக்க வேண்டியது அவர்களின் சட்ட நிதியம். மெக்சிகோ அமெரிக்கர் சட்டத் தற்காப்பு, கல்வி நிதியம் 1968ல் அதே சான் அந்தோனியோவில் தொடங்கப்பட்டது. 1984 வழக்கை நடத்தியது அதுதான். கறுப்பினத்தவரின் சட்டத் தற்காப்பு நிதியம் 1940லிருந்தே இருக்கிறது. 27 ஆண்டு நடக்கும் வழக்கைத் தனி மனிதனால் நடத்த முடியாது. நிலையான அமைப்பு வேண்டும், சம்பளத்துக்கு வழக்கறிஞர்கள் வேண்டும், அலமாரியில் ஆவணங்கள் வேண்டும்.

பணத்தால் என்ன ஆகிவிடும், குடும்பச் சூழல்தானே முக்கியம் என்று சொல்பவர்கள் அங்கேயும் உண்டு. இப்படிப்பட்ட நீதிமன்ற உத்தரவுகளால் நிதி கூடிய வட்டாரங்களில் படித்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2016ல் வெளிவந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் காலம் முழுவதும் நிதி நூற்றுக்குப் பத்துக் கூடியிருந்தால், பிற்காலச் சம்பளம் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடியது என்றும், ஏழைப் பிள்ளைகளுக்கே பலன் அதிகம் என்றும் அது கண்டது. பணம் பயனற்றது என்று சொல்பவர்கள் யாரும் தங்கள் பிள்ளையின் பள்ளிப் பணத்தைக் குறைக்கச் சொல்வதில்லை.

ஒரே புத்தகம் கொடுத்தால் சமமா?

மொழிக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் 2,800க்கு மேல் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 1,800 பேருக்கு எந்தத் தனி உதவியும் இல்லை. வகுப்பில் உட்கார வேண்டும், புரிகிறதோ இல்லையோ கேட்க வேண்டும். எல்லாருக்கும் கொடுக்கும் புத்தகம், ஆசிரியர், பாடம் இவர்களுக்கும் கொடுத்தோமே, இதில் எங்கே பாகுபாடு என்றது பள்ளி வாரியம்.

1974 ஜனவரியில் லாவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை உடைத்தது. புரியாத மொழியில் ஒரே பாடத்தை எல்லாருக்கும் நடத்துவது சமத்துவம் ஆகாது என்றது. எந்தச் சட்டத்தைக் கொண்டு? அரசியலமைப்பைக் கொண்டு அல்ல. அதே 1964ஆம் ஆண்டு ஆறாம் பகுதி. கூட்டரசின் பணத்தை வாங்கியிருக்கிறாய், ஆகவே நிபந்தனைக்குக் கட்டுப்படு. ரொட்ரிகஸ் தோற்ற மறு ஆண்டில் லாவ் வென்றதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் கையில் பொதுவான நியாயம் இருந்தது. மற்றவர் கையில் எழுதப்பட்ட பிரிவு இருந்தது.

அதே ஆண்டில் காங்கிரஸ் சமக் கல்வி வாய்ப்புச் சட்டத்தை இயற்றியது. மொழித் தடையை நீக்கத் தக்க நடவடிக்கை எடுப்பது மாநிலத்தின் கடமை, எடுக்காவிட்டால் பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடுக்கலாம் என்றது அது. 1981ல் காஸ்டனேடா வழக்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மூன்று அளவுகோல்களை வகுத்தது. திட்டத்துக்குக் கல்வி அறிஞர்கள் ஏற்கும் அடிப்படை உண்டா? அதை நடத்தப் போதிய ஆசிரியரும் வளமும் கொடுத்தாயா? சில காலம் கழித்துப் பலன் தெரிகிறதா? இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். திட்டம் அறிவித்துவிட்டு ஆசிரியர் கொடுக்காமல் இருப்பதும் சட்டமீறல்.

ஆனால் இந்த இடத்தில் நாம் ஏமாறக்கூடாது. லாவ் தீர்ப்பு தாய்மொழிப் பள்ளி கேட்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. பிள்ளையை ஆங்கிலத்துக்குக் கொண்டு சேர்க்கும் கடமையை மட்டுமே கொடுத்தது. அதற்கும் முன்னால், 1923ல், நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சமயப் பள்ளியில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுத்த ஆசிரியரைத் தண்டித்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதாவது, மொழியைக் கற்பிப்பதைத் தடுக்கக்கூடாது. அதற்குப் பொதுப்பணம் கொடு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தடுக்காமல் இருப்பது வேறு, தாங்கிப் பிடிப்பது வேறு.

கொடுத்ததைத் திரும்ப எடுத்த கதை

1968ல் வந்த இருமொழிக் கல்விச் சட்டம் தாய்மொழி வழியிலும் பாடம் நடத்தப் பணம் கொடுத்தது. 1998ல் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பு ஒன்றின் மூலம் இருமொழி வகுப்புகளைப் பெரும்பாலும் ஒழித்தது. 2016ல் இன்னொரு வாக்கெடுப்பு அந்தத் தடையை நீக்கியது. இடையில் 18 ஆண்டுகள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளியை முடித்துவிட்டார்கள். பெரும்பான்மையின் வாக்கில் தொங்கும் சிறுபான்மை உரிமையின் கதி அதுதான்.

2002 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட கல்விச் சட்டம் இருமொழிக் கல்விச் சட்டத்தையே மறையச் செய்தது. அதன் இடத்தில் ஆங்கிலம் கற்பதற்கான மானியம் வந்தது. அச்சட்டத்தில் ஒரு நன்மையும் இருந்ததை மறுக்க முடியாது. தேர்வு முடிவுகளை இனவாரியாகவும் மொழிவாரியாகவும் பிரித்து வெளியிடும்படி பள்ளிகளைக் கட்டாயப்படுத்தியது. சராசரிக்குள் ஒளிந்துகொண்டிருந்த அநீதி எண்களாக வெளியே வந்தது. ஆனால் 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேற வேண்டும் என்று நிறைவேற முடியாத இலக்கு வைத்து, தேறாத ஏழைப் பள்ளிகளையே தண்டித்தது. 2015ல் வேறு சட்டம் வந்து அதை மாற்றியது.

நீதிமன்றமும் சுருங்கியது. 2001ல் சாண்டோவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒன்றைச் சொன்னது. ஆறாம் பகுதியின் கீழ், வேண்டுமென்றே செய்த பாகுபாட்டுக்கு மட்டுமே தனிமனிதர் வழக்குத் தொடுக்கலாம். விளைவில் தெரியும் பாகுபாட்டுக்கு முடியாது. அதை அரசாங்கத் துறைதான் கவனிக்க வேண்டும். யாரும் வாய்விட்டு, இந்த இனத்தை ஒதுக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒதுக்குவதில்லை. விளைவில்தான் தெரியும். 2009ல் அரிசோனாவின் நொகாலெஸ் நகரப் பெற்றோர் 1992லிருந்து நடத்திய வழக்கிலும், எவ்வளவு பணம் ஒதுக்கினாய் என்பதை மட்டும் வைத்து அரசைப் பிடித்துவைக்க முடியாது என்று அதே ஐந்துக்கு நான்கு கணக்கில் தீர்ப்பு வந்தது.

இப்போது 2025க்கு வாருங்கள். மார்ச் 1ஆம் தேதி ஆங்கிலத்தை அதிகாரத்துவ மொழியாக அறிவிக்கும் அதிபர் ஆணை. அதே மாதம் கல்வித் துறையின் ஊழியர்களை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும் அறிவிப்பு. புகார்களை விசாரிக்கும் குடிமை உரிமை அலுவலகத்தின் 12 வட்டாரக் கிளைகளில் 7க்கு மூடுவிழா. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கான அலுவலகத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் வேலைநீக்கக் கடிதம். மார்ச் 20ஆம் தேதி கல்வித் துறையையே மூடும் நடவடிக்கைக்கு ஆணை. ஏப்ரலில், விளைவு வழிப் பாகுபாட்டைத் துறைகள் பெரிதுபடுத்த வேண்டாம் என்று இன்னோர் ஆணை. ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேலைநீக்கத்தைத் தொடர அனுமதித்தது.

2001ஐயும் 2025ஐயும் சேர்த்துப் படியுங்கள். முதலில், நீ வழக்குப் போட முடியாது, அலுவலகத்தில் புகார் கொடு என்றார்கள். பிறகு அலுவலகத்தை மூடினார்கள்.

ஆனால் எது நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். 1979ல் காங்கிரஸ் சட்டம் போட்டு உருவாக்கிய கல்வித் துறையைக் காங்கிரஸ்தான் சட்டம் போட்டு ஒழிக்க முடியும். ஓர் ஆணையால் முடியாது. 1965ஆம் ஆண்டு முதல் பகுதிப் பணம், ஆண்டுக்கு 1,800 கோடி டாலருக்கு மேல், சட்டத்தில் இருக்கிறது. 1974ஆம் ஆண்டுச் சமக் கல்வி வாய்ப்புச் சட்டம் சட்டத்தில் இருக்கிறது. வழிகாட்டிக் கடிதமாக வந்தவை ஒரே நாளில் மீட்டுக்கொள்ளப்பட்டன. எழுதப்பட்ட பிரிவாக இருந்தவற்றை முடக்கப் பார்க்கிறார்கள், ஆனால் அழிக்க முடியவில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நம் பள்ளிகளை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றம் சொன்னது. 2023ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024 பிப்ரவரியில் மேலும் முறையீடு செய்யக் கூட்டரசு நீதிமன்றம் அனுமதி மறுத்தது. நாம் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்த வெற்றி எந்த வகையைச் சேர்ந்தது? நெப்ராஸ்கா வகை. பள்ளி இருக்கலாம் என்றது. அதற்கு எவ்வளவு, எந்த விதிப்படி, எப்போது பணம் வர வேண்டும் என்ற கேள்வி அந்த வழக்கில் எழவே இல்லை.

அந்தக் கேள்விக்கு நம் அரசியலமைப்பில் இடம் இருக்கிறது. கல்வி என்ற சொல்லே இல்லாத அமெரிக்க அரசியலமைப்பைவிட நம்முடையது ஒரு படி மேல். 12ஆம் விதி, பொதுப்பணத்திலிருந்து மாணவர்களின் கல்விக்கு நிதியுதவி கொடுப்பதில் இனம், சமயம், வம்சாவளி, பிறந்த இடம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்கிறது. 152ஆம் விதி, பிற சமூகங்களின் மொழிப் பயன்பாட்டையும் கல்வியையும் பேணிக்காக்கும் அரசாங்கத்தின் உரிமைக்கு இடம் விடுகிறது. ஐந்நூற்றுச் சொச்சம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை இன்னும் பகுதி உதவி பெறும் பள்ளிகள். நிலம் தோட்டத்தின் பெயரிலோ மற்றவர் பெயரிலோ இருப்பதால் முழு உதவி இல்லை என்ற பழைய பாட்டு தொடர்கிறது. எட்ஜ்வுட் பிள்ளைகள் தாங்கள் பிறந்த வட்டாரத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். நம் பிள்ளைகள் பள்ளி நிற்கும் நிலத்தின் பட்டாவுக்காகத் தண்டிக்கப்படுகிறார்கள்.

ஆகவே கேட்பதை மாற்றுவோம். சிறப்பு ஒதுக்கீடு என்று ஆண்டுதோறும் அறிவிக்கும் தொகைக்குக் கைதட்டுவதை நிறுத்துவோம். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு, ஒரு கட்டடத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடும் விதியைக் கல்விச் சட்டத்திலேயே எழுதச் சொல்வோம். எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போனது என்று ஆண்டுதோறும் பள்ளிவாரியாக வெளியிடச் சொல்வோம். விதி மீறப்பட்டால் பள்ளி வாரியமும் பெற்றோரும் நீதிமன்றம் போகும் உரிமையை அதே சட்டத்தில் கேட்போம். இந்த மூன்றும் இல்லாத எந்த மானியமும் அடுத்த அமைச்சரவை மாற்றம் வரைதான்.

இதில் நம் பங்கு ஒன்று உண்டு. உங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நீங்கள் இருந்தால், கடந்த ஐந்து ஆண்டுகளில் அரசாங்கத்திடமிருந்து என்ன வந்தது, எந்தக் கடிதத்தின் கீழ் வந்தது, எதற்குச் செலவானது என்று ஒரு கோப்பு போடுங்கள். கேட்டு மறுக்கப்பட்ட கடிதங்களையும் அதில் வையுங்கள். நிலப்பட்டாவின் நகலை வையுங்கள். நீதிமன்றத்தில் கண்ணீர் சாட்சியாகாது, காகிதம்தான் சாட்சி. 1968ல் எட்ஜ்வுட் பெற்றோரிடம் அந்த 26 டாலர் கணக்கு இருந்தது. அது இல்லாமல் அவர்களின் கதையை இன்று நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

வழக்கு நீளும். தோற்கவும் கூடும். ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவைத் தட்டியவர்களின் கதைதான் மேலே சொன்னது. நம் கோப்பு தயாராக இருக்கிறதா என்பதே இப்போதைய கேள்வி.